மூன்றே நிமிஷம்

பெரு நாட்டு மலைப்பள்ளிக்கு அன்றுதான் வந்திருந்தாள் நூலக ஆசிரியை நெலிடா.

"பசங்களா, அலமாரியைக் கலைச்சுட்டு, நம்பர் வரிசைல திரும்ப அடுக்குங்க பார்ப்போம்!" என்றாள்.

நாற்பது கதைப் புத்தகம். மூன்றே நிமிஷம். ஒரு தப்பில்லை. நெலிடா அசந்துபோனாள்.

"எல்லாம் நான் குடுத்த பயிற்சி!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் தலைமையாசிரியர் எவரிஸ்டோ.

"இதுல உனக்கு ரொம்பப் பிடிச்ச கதை எது கண்ணு?" முன்னால் நின்ற சிறுமியிடம் கேட்டாள் நெலிடா.

ஆறாம் வகுப்பு யெசெனியா திருதிருவென விழித்தாள்.

நெலிடா ஒரு புத்தகத்தை எடுத்தாள். கை வழுக்கியது. கண்ணாடித்தாள் உறை! அடுத்ததும் அப்படியே. நாற்பதிலும் உறை பிரிக்கப்படவே இல்லை.

"ஐயோ, பிரிச்சிடாதீங்க டீச்சர்!" எவரிஸ்டோ பதறினார். "அதிகாரி வர்றப்போ ஒண்ணு கசங்கியிருந்தாலும் என் தலை உருளும். ஏழு வருஷமா கட்டிக் காப்பாத்துறேன்!"

யெசெனியா மெல்ல நெலிடாவின் கையைத் தொட்டாள்.

"டீச்சர், இதைத் தொறக்கவும் செய்யலாமா?"