முப்பத்தேழாம் எண்

"படமே காட்டுறதில்லையாம் சார். ரேடியோ மாதிரி வாயாலயே ஓட்டுறாங்களாம்."

அலுவலக உதவியாளர் போனில் பற்ற வைத்ததும் துறைத்தலைவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

யார்? தாவரவியல் தற்காலிக விரிவுரையாளர் அம்மாதான். அவருடைய வேலை நீட்டிப்புத் தாள் இவர் கையெழுத்துக்காக மேஜையில் கிடக்கிறது. இன்று போடாவிட்டால் நாளையோடு அவருக்கு வேலை இல்லை.

"இலையோட உள்ளமைப்பைப் படமில்லாம எவனாவது நடத்துவானா? உடம்பு வளையல, அவ்வளவுதான். இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்."

"ஒட்டுக்கேக்கிறது நல்லாவா இருக்கு?" என்றாள் மனைவி.

"ஒட்டுக்கேக்கல. கண்காணிக்கிறேன். கதவைச் சாத்து."

சொந்தப் பெயரில் நுழைந்தால் அந்தம்மா உஷாராகிவிடுவாரே! வருகைப் பட்டியலைப் புரட்டினார். தொற்றுக்குப் பயந்து பல்கலைக்கழகமே ஆன்லைனுக்கு மாறிய இந்த இரண்டு மாதத்தில், ஒருநாள்கூட உள்ளே வராத மாணவி ஒருத்தி இருந்தாள். எண் முப்பத்தேழு.

அந்த எண்ணைப் பெயராகப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். கேமரா, மைக் இரண்டையும் அணைத்துவிட்டார்.

"மேல ஒரு கோடு போட்டாச்சா? அதுக்குக் கீழ நீள நீளமான கட்டம், நெருக்கமா. அதுக்கும் கீழ உருண்டை உருண்டையா, நடுநடுவுல இடம் விட்டு..."

சொன்னதையே இரண்டு தரம் சொன்னார் விரிவுரையாளர். திரையில் மருந்துக்குக்கூட ஒரு படம் இல்லை.

துறைத்தலைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீட்டிப்புத் தாளை இழுத்து, 'நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"அடடே, முப்பத்தேழு! வந்துட்டியாம்மா!"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

விரிவுரையாளர் முகமெல்லாம் சிரிப்பு. "ஸ்மார்ட்போன் கிடைச்சிருச்சா? அப்பாடா! படத்தைப் போட்டா 'இதோ பாருங்க'ன்னு விட்டுருவேன், உனக்குக் கேட்டே புரியணுமேன்னு ரெண்டு மாசமா வாயாலயே வரைஞ்சுட்டிருந்தேன். மத்தவங்க மன்னிச்சுக்கங்கப்பா, இனிமே எல்லாத்துக்கும் படம் உண்டு."

அடுத்த நொடி திரை நிறைய ஒரு படம் வந்தது. கையால் வரைந்து, வண்ணம் தீட்டி, பாகம் பாகமாகப் பெயர் எழுதிய இலை.

"அப்ப இந்தப் போனை வெச்சிடலாமா கண்ணு?" என்று பக்கத்தில் இருந்த தன் போனை எடுத்தார் விரிவுரையாளர்.

அதிலிருந்து கரகரவென்று ஒரு பெண் குரல் வந்தது.

"ஐயோ, வெச்சிடாதீங்க மேடம்! எனக்கேது ஸ்மார்ட்போன்? நான் எப்பவும்போல இந்தப் பட்டன் போன்லதான் கேட்டுக்கிட்டிருக்கேன். அங்க என் நம்பர்ல திருட்டுத்தனமா உக்காந்திருக்கிறது யாரு மேடம்?"