அடுப்புக்குப் பக்கத்தில்

அடுப்பருகே பலகையில் மாமியார், மேசையில் நான், வாசற்படியில் என் கணவர். வெளியே உறைபனியில், வைக்கோல் திணித்த பெட்டிக்குள் மகளின் ஆமை. ஐந்து நாளாக அசைவில்லை. வீட்டுக்குள் ஆமை வரக்கூடாது என்பது மாமியாரின் கட்டளை.

ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளுக்கு எழுதியதை வாசித்துக் காட்டினேன். "உன் ஆமை அடுப்புக்குப் பக்கத்தில் கதகதப்பாகத் தூங்குகிறது."

"இது ஆமைக்குத் தெரியுமா?" என்றார் கணவர்.

"புள்ளைக்குப் பொய் எழுதாத. அந்த வரிய அடிச்சிடு" என்றார் மாமியார்.

"அடித்தல் திருத்தலோட நான் லெட்டர் அனுப்பினதில்ல, அத்தை."

மாமியார் அடுப்பருகே இடம் விட்டுப் பலகையை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "அந்தப் பொட்டிய எடுத்துட்டு வா, குணசீலா" என்றார் மகனிடம்.

பெட்டி உள்ளே வந்தது. யாரும் மூடியைத் திறக்குமுன் நான் உறையை ஒட்டித் தபாலுக்கு அனுப்பிவிட்டேன்.