வாயில் வளர்ந்த பிள்ளைகள்

மேற்கு மலையில் சாரல் பிடித்ததும் கெண்டைக்கு வயிறு கனத்தது. செம்மண் வாசத்தோடு புதுவெள்ளம் வரும். அதை எதிர்த்து ஏறிப் போய் மேட்டுக் கூழாங்கல்லில் முட்டையிடுவதுதான் அவள் குலத்து வழக்கம். ஆனால் அணை கட்டிய பிறகு ஆறு தூக்கத்தில் கிடப்பதுபோல அசையாமல் கிடந்தது.

“யாருக்காகக்கா காத்திருக்கே?” என்றாள் ஜிலேபி. அணை நிரம்பியதும் எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட மீன் அவள்.

“ஆறு வரணும்.”

“ஆறு இங்கேதானே இருக்கு?”

“இது வெறும் தண்ணிம்மா.”

“அப்போ முட்டையை என் வாயில விடு. நாங்க அப்படித்தான் பிள்ளை வளர்ப்போம்.”

வேறு வழி தெரியாமல் கெண்டை சம்மதித்தாள். அப்புறம் தினமும் வந்து, “பிள்ளைங்க சௌக்கியமா?” என்று கேட்பாள். ஜிலேபி வாய் திறக்காமல் தலையாட்டுவாள். ஜிலேபியின் வயிறு மட்டும் கொஞ்சம் பெருத்திருந்தது.

ஒருநாள் அவள் வாயைத் திறந்தாள். பொடிப்பொடியாய்க் குஞ்சுகள் நீந்தி வந்தன. அத்தனையும் ஜிலேபிகள்.

கெண்டை ஒவ்வொன்றையும் நெருங்கி நெருங்கிப் பார்த்தாள். கடைசியில் ஒன்றின் அருகே நின்றாள்.

“மூக்கு மட்டும் எங்கம்மா சாடை,” என்றாள்.