முப்பதும் சரி

ஓர் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில், மாத்திரை எண்ணும் தட்டுக்கு மனசே ஆறவில்லை. காலையிலிருந்து எண்ணி எண்ணி அதன் முதுகு தேய்கிறது. மருந்தாளுநரின் பேனாவோ கடைசியில் வந்து, உறைமேல் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

அன்று ஞானப்பிரகாசம் என்ற பெரியவருக்கு வலி மாத்திரை முப்பது. தட்டு இரண்டு முறை எண்ணி உறையில் போட்டது. பேனா வந்தது, உறைக்கு மேல் அப்படியே நின்றது.

“போடேன். முப்பதும் சரியா இருக்கு” என்றது தட்டு.

“எண்ணிக்கை சரிதான். ஆனா இவர் ரத்தம் உறையாம இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறவர். இதுவும் சேர்ந்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும்.”

டாக்டருக்குப் போன் போனது. மருந்து மாறியது. முப்பதும் தட்டுக்கே திரும்பி வந்தன. அதே முப்பதுதான், இப்போது கனத்தன.

“கையெழுத்துத்தானே, ஒரே நாள்ல கத்துக்கலாம்னு நினைச்சேன்” என்றது தட்டு.

“போடக் கத்துக்க ஒரு நாள் போதும். போடாம நிக்கத்தான் என்னைப் பிடிக்கிற கை நாலு வருஷம் படிச்சது.”

தட்டு மெல்லக் கேட்டது: “தெரியாம எப்பவாவது போட்டிருக்கியா?”

பேனா மூடியை மாட்டிக்கொண்டது.