மஞ்சள் பூசிய கைகள்

பனியன் கம்பெனி வாசலில் தினமும் காலையில் நீல விளக்குச் சோதனை உண்டு. ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் போடும் புரத ஊசி, உடம்பில் நோவு கண்ட இடத்தை அந்த வெளிச்சத்தில் பச்சையாக ஒளிர வைக்கும். கை ஒளிர்ந்தால் அன்று வேலை கிடையாது. மூன்று முறை ஒளிர்ந்தால் வேலையே கிடையாது.

தெய்வானைக்குப் பக்கத்து மெஷினில் தைக்கும் சுகந்திக்கு நேற்றோடு இரண்டு முறை ஆகிவிட்டது. தெய்வானை பதறவில்லை. போன வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தபோது தன் முகமே இந்த விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தது அவளுக்கு நினைவிருந்தது. நேற்றுச் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள்.

இன்று வரிசையில் நின்ற எண்பது பெண்களும் முழங்கை வரை மஞ்சள் பூசியிருந்தார்கள். விளக்கை எங்கே திருப்பினாலும் ஒரே பச்சை.

"எல்லாரும் போய்க் கழுவிட்டு வாங்க!" என்று கத்தினார் சூப்பர்வைசர் கதிரேசன்.

"நோம்பிக்குப் பூசுனதுங்க சார். பொழுது சாயற வரைக்கும் கழுவக் கூடாதுங்க," என்றாள் தெய்வானை.

"அப்புறம் யாருக்கு நெசமா நோவுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கனமான விளக்கை அவர் இடக்கைக்கு மாற்றினார். வெளிச்சம் அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. அதுவும் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தது.

"ஏனுங் சார், உங்களுக்கும் நோம்பிங்களா?" என்றாள் தெய்வானை.

கதிரேசன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு விளக்கை அணைத்தார். சுகந்திதான் முதல் ஆளாக உள்ளே போனாள்.