வாடா என்றொரு சொல்

காலையிலிருந்து சாரதாமணி அந்த ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

வாடா.

எம்.எல்.ஏ.வின் கார் வந்து நின்றதும் அதைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஊர் அவளை முன்வரிசையில் நிறுத்தியிருந்தது.

கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை அவளுக்கு. இந்த நாற்பத்தாறு வயதுக்குள் ஒருவரையும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. எண் மாறிப் போன் செய்கிறவனிடம்கூட, "இது வேற நெம்பருங்க சாமி" என்று சொல்லித்தான் வைப்பாள்.

நாலு வழிச்சாலை அந்த ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. வீடுகள் இந்தப் பக்கம். பள்ளிக்கூடம், பண்ணை, மில் பஸ் நிற்கிற இடம் எல்லாம் அந்தப் பக்கம். குறுக்கே நடந்தவர்களில் நாலு வருடத்தில் ஏழு பேர் செத்திருந்தார்கள். ஏழாவது, போன மாதம் மில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒரு பத்தொன்பது வயதுப் பெண்.

சுரங்கப்பாதை கட்டித் தருகிறேன் என்று சொல்லி ஓட்டு வாங்கிய எம்.எல்.ஏ., இன்று நிழற்குடை திறக்க வருகிறார். மூன்று பக்கமும் தன் பெயரையே எழுதிவைத்த நிழற்குடை.

முந்தாநாள் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியபோது பெரிய சண்டை.

"எதுத்து நின்னாலும் மரியாதையா நிக்கோணுங்க. நாம ஓட்டுப் போட்ட ஆளு" என்றார் பெரியவர் மாதையன்.

"மரியாதையா ஏழு மனு குடுத்தோங்க. ஏழு பொணந்தான் கண்டோம்" என்றான் இளவழகன். கறுப்புக்கொடி காட்டலாம் என்று முதலில் சொன்னவன் அவன்தான்.

ஒரு மணி நேரம் இப்படியே போனது. அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த சாரதாமணி எழுந்தாள்.

"நாங் கூப்புடறேன். வாடான்னு."

மாதையன் தலையைக் குனிந்துகொண்டார்.

நேற்று பண்ணையில் கூண்டுக் கோழிகளிடம் சொல்லிப் பார்த்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பத்தாவது வரிசைக்குப் போவதற்குள் சத்தமாகவே வந்தது. கோழிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன.

இப்போது கார்கள் வந்துவிட்டன.

போலீஸ் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் ஐம்பது பேர் கறுப்புத்துணியை ஆட்டினார்கள். "எங்கே எங்கே, சுரங்கப்பாதை எங்கே?" இளவழகனின் தொண்டை கிழிந்தது.

கார்க்கதவு திறந்தது. சுவரொட்டியில் இருக்கிற ஆள் மாதிரியே இல்லை எம்.எல்.ஏ. வயதானவர். மூட்டுவலி போலிருக்கிறது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறக்கினார். பின்கழுத்தில் வியர்வை வழிந்தது.

நேரே நிழற்குடைக்குப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ கை கூப்பியபடி கயிற்றை நோக்கி வந்தார்.

பக்கத்தில் வர வர, கோஷம் ஒவ்வொரு வாயாக நின்றது. எல்லோரும் சாரதாமணியைப் பார்த்தார்கள்.

ஒரு கை தூரத்தில் வந்து நின்றார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"வாங்க."

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கை இரண்டும் தாமாக மேலே போய்க் கூப்பிக்கொண்டன.

"வாங்க சாமி. நல்லாருக்கறீங்களா?"

"நல்லாருக்கேம்மா" என்றார் அவர். எங்கோ ஒரு கேமரா மின்னியது. திரும்பி நடந்து, நாடாவை வெட்டி, வெடிச்சத்தம் அடங்குவதற்குள் காரில் ஏறிவிட்டார். முழுதாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பக்கத்தில் நின்ற, பண்ணையில் கூட வேலை செய்யும் சித்ரா, அதுவரை பிடித்திருந்த அவள் கையை விட்டாள். இளவழகன் கறுப்புத்துணியை நாலாக மடித்தான். அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாரதாமணி கயிற்றைத் தாண்டி நாலு எட்டு ஓடினாள்.

"டேய்!"

இப்போது வந்தது, நெஞ்சிலிருந்து. கார்கள் போய்விட்டிருந்தன. சரக்கு லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்தது. அதன் ஓட்டுநர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து, கையை ஆட்டிவிட்டுப் போனான்.

அவள் சாலையோரத்திலேயே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இளவழகனின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவன் சட்டென்று பையில் போட்டுக்கொண்டான்.

"என்ன சாமி, காட்டு."

தயங்கி நீட்டினான். கட்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த படம். எம்.எல்.ஏ.வுக்கு எதிரே அவள் கை கூப்பி நின்றாள். பின்னால் கறுப்புத்துணி ஒன்றுகூடத் தெரியாதபடி வெட்டியிருந்தார்கள். படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தது அவளுக்கே தெரியாது.

கீழே ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்து பிடிபடவில்லை.

"வாசி."

"வேண்டாங்கக்கா."

"வாசி சாமி."

இளவழகன் போனைப் பார்த்தபடியே வாசித்தான். "சாலை விபத்தில் மகளைப் பறிகொடுத்த சாரதாமணி அம்மாள், நம் எம்.எல்.ஏ. அவர்களை நலம் விசாரித்து, அன்போடு வரவேற்றார்."

அதற்குள் அறுபத்தெட்டுப் பேர் கும்பிடுகிற கை எமோஜியைப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் மில் பஸ் வந்து நின்றது. நாலைந்து பெண்கள் இறங்கி, சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எம்பட புள்ள பேரு போட்டிருக்காங்களா?"

அவன் மேலிருந்து கீழே வரை இன்னொரு முறை பார்த்தான்.

"இல்லீங்கக்கா."