காபித் தட்டு

அன்று வீட்டில் இருந்தவர்கள் பெரியப்பா சிதம்பரநாதர், காலமான அவர் தம்பியின் மகள் மங்கை, அவளைப் பெண் பார்க்க வந்த நன்மாறன், அவனுடைய அம்மா விசாலம். வேறு யாருமில்லை.

மங்கையின் மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ரசாயனம் வற்றிவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாய்விட்டுச் சிரித்தால், நினைவு விழித்திருக்க, உடல் மட்டும் தூக்கத்தில் இருப்பதுபோலச் சரிந்துவிடும். "அவங்க போறவரைக்கும் சிரிச்சிடாதே. குடும்ப மானம்" என்று சிதம்பரநாதர் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்.

மங்கை காபித் தட்டோடு வந்து நின்றாள்.

"பொண்ணு ஏன் இப்படி உம்முனு இருக்கு?" என்றாள் விசாலம்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க சபையில பல்லைக் காட்டமாட்டாங்கம்மா" என்றார் சிதம்பரநாதர், முதுகை நிமிர்த்தி.

"அப்போ கல்யாண ஆல்பம் முழுக்க ஆதார் கார்டு போட்டோதான்" என்றான் நன்மாறன்.

மங்கை சிரித்துவிட்டாள். தாடை தொங்கியது, முழங்கால் மடிந்தது, டம்ளர்கள் உருண்டன. தரையில் கிடந்தவளுக்கு எல்லாம் கேட்டது.

"உம்முனு நின்னப்பவே நினைச்சேன், இப்போ மயங்கியே விழுந்துடுச்சு. இஷ்டமில்லாத பொண்ணைக் கட்டாயப்படுத்தி நிறுத்தியிருக்கீங்களே! எந்திரிடா, போலாம்" என்றாள் விசாலம்.

சிதம்பரநாதர் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் உட்கார்ந்திருக்கக்கூடும். சொன்னால் நோய் வெளியே தெரிந்துவிடும். அவர் தரையில் பரவும் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் ஓய்ந்தபின் மங்கை எழுந்து தரையைத் துடைத்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பெரியப்பா" என்றாள்.

மாப்பிள்ளையைப் பிடிக்காமல் பெண் மயங்கி விழுந்தாள் என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவள் மயங்கவில்லை. அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.